மாறிக்குள் ஒரு டாலர் குறி

நேயர்களுக்கு வணக்கம். மூல நிரல்களைத் தொகுத்து இயங்கும் மென்பொருளாக்கும் வேலைக்கு, 1976ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவி இன்றளவும் பயன்பட்டு வருகிறது. அதற்கான கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில், ஒரு மாறியின், அதாவது பெயரிட்டு வைத்த ஒரு தரவின், மதிப்புக்குள் டாலர் குறி வந்துவிட்டால் என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

தரவுத்தளத்தின் கடவுச்சொல், ஆங்கில எழுத்துகளில் மதுரை, அடுத்து ஒரு டாலர் குறி, அதன்பின் 7, 5 என்னும் இலக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். தாளில் எழுதிக்கொண்டால் பின்தொடர்வது எளிது. மேக்குக்கு டாலர் குறி ஒரு மாறியை அழைக்கும் அடையாளம். அடைப்புக்குறி இல்லாதபோது, அடுத்துள்ள ஒரே எழுத்தை அது மாறியின் பெயராகக் கொள்ளும். 7 என்ற பெயரில் மாறி ஏதும் இல்லாததால் அவ்விடம் வெறுமையாகி, ‘மதுரை5’ மட்டுமே மிஞ்சும். மேக் இதைப் பிழையாக அறிவிப்பதில்லை; கடவுச்சொல் தவறென்று தரவுத்தளம்தான் மறுக்கிறது. அந்த மறுப்பை நம்பி, பயனர் உரிமைகளில் குறை தேடி ஒரு மாலைப்பொழுதை நானும் இழந்திருக்கிறேன்.

டாலர் குறியை இரட்டித்து எழுதுங்கள் என்பார்கள். மேக் அவ்விரண்டை ஒன்றாக்கி, கட்டளைகளை இயக்கும் ஷெல் என்ற நிரலிடம் ஒப்படைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஷெல்லும் அதை மாறியாகவே படித்து, ஏழாவது உள்ளீட்டைத் தேடி, அது இல்லாததால் மறுபடியும் அதே ‘மதுரை5’ஐத் தரும். இரட்டித்தது போதவில்லை என்று நான்கு குறிகள் இட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்: ஷெல்லுக்கு இரண்டு டாலர் குறிகள் சேர்ந்தால் அதன் சொந்தச் செயல்முறை எண், அதாவது இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண், என்று பொருள், ஆகவே ஒவ்வொரு முறையும் வேறொரு கடவுச்சொல் போய்ச்சேரும்.

இரட்டித்த குறியுடன் மதிப்பு முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்தால் இந்தச் சிக்கல் தீரும். கடவுச்சொல்லிலேயே ஒற்றை மேற்கோள் இருந்தால் அதுவும் உடைந்துவிடும். ஆகவே கடவுச்சொல்லை மேக்ஃபைலில் எழுதாமல், சூழல் மாறியாக, அதாவது நிரல் தொடங்கும்போது அதனிடம் ஒப்படைக்கப்படும் பெயரிட்ட மதிப்பாக, வெளியிலிருந்து அனுப்புவதையே நான் வலியுறுத்துவேன். அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அம்மாறியை மேக்கின் வழக்கப்படி ஒரே டாலர் குறியும் அடைப்புக்குறியும் இட்டு அழைத்தால், மேக் அதன் மதிப்பை விரித்து, உள்ளிருக்கும் டாலர் குறியை மீண்டும் விழுங்கிவிடும். கட்டளை வரியில், இரட்டை மேற்கோளுக்குள், இரண்டு டாலர் குறிகளும் மாறியின் பெயரும் மட்டும் இருக்கட்டும். அப்போது மேக் அந்த மதிப்பைத் தொடாமல் விட்டுவிட, ஷெல் அதை எடுத்து, மறுபடி விரிக்காமல் அப்படியே தரவுத்தளத்திடம் சேர்க்கும்.