அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்யப் போகிறோம்?

(கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கூடிய கூட்டத்தில், மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபணை தர மக்களுக்குக் கிடைக்கும் இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். சங்க நிர்வாகிகளே, தாய்மார்களே, முதுநகரிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே.

வடக்கே தென்பெண்ணை, ஊருக்கு நடுவே கெடிலம், தெற்கே உப்பனாறு. இப்படிப்பட்ட ஊரில் குடியிருப்பவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 மழையைப் பார்த்தவர்கள் நாம். 2024 டிசம்பரையும் பார்த்தோம். ஃபெங்கல் புயல் கரையைக் கடந்த கையோடு, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். உச்சிமேடு, நாணமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி, தாழங்குடா என்று பெண்ணைக் கரை நெடுகத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அப்போது எல்லோரும் அணையைப் பற்றிப் பேசினோம், அரசைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் போகிற வழியில் வீட்டு மனை போடலாம் என்று யார், எப்போது, எந்தக் காகிதத்தில் எழுதினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அப்படி ஒரு காகிதம் இருக்கிறது. அதற்கு மாஸ்டர் பிளான் என்று பெயர். அரசு ஆவணங்களில் முழுமைத் திட்டம் என்பார்கள். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு நிறம் பூசியிருப்பார்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் வணிகம், ஊதா என்றால் தொழிற்சாலை, பச்சை என்றால் விவசாயம். அடுத்த இருபது ஆண்டுக்கு உங்கள் தெருவுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வருமா, குடோன் வருமா, ஏரி ஏரியாகவே இருக்குமா என்பதை அந்த நிறம்தான் சொல்லும். மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் கேட்டு ஒருவர் மனு போட்டால் அதிகாரி முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சரி, இதில் நமக்கு என்ன இடம்? 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவைக் கேளுங்கள். வரைவுத் திட்டம் தயாரானதும் அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும். வரைபடத்தை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று அதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் தரலாம். நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை, வாடகைக்குக் குடியிருப்பவரும் தரலாம். இதற்கான காலம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. ‘என்னை நேரில் அழைத்துக் கேளுங்கள்’ என்று எழுதியிருந்தால் அதற்கும் வாய்ப்புத் தர வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் அந்த அறிவிப்பு பத்திரிகையின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே சின்ன எழுத்தில் வரும். நாம் பார்க்க மாட்டோம். அந்தப் பக்கத்தைத் தினமும் பார்ப்பவர்கள் மனை வியாபாரிகள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் தொழில். நமக்கு அது குடியிருக்கும் ஊர். அவர்களுக்கு இருக்கும் அக்கறை நமக்கு இல்லாமல் போவதுதான் எனக்கு வேதனை.

அப்புறம், ஆட்சேபணையை எப்படி எழுதுவது? ‘எங்கள் பகுதியின் இயற்கையைக் காக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது கோப்பில் போய்த் தூங்கும். அதிகாரி பதில் எழுதியே ஆக வேண்டிய மனு வேறு மாதிரி இருக்கும். இன்ன வருவாய்க் கிராமம், இன்ன சர்வே நம்பர், இன்ன உட்பிரிவு. வரைவில் மஞ்சள் பூசியிருக்கிறீர்கள். நிலம் யாருடையது, என்ன வகை என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கும் அ-பதிவேட்டில் இது அரசுப் புறம்போக்கு, வாய்க்கால் என்று இருக்கிறது, நகல் இணைத்திருக்கிறோம். சர்வே நம்பரின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தில் வாய்க்காலின் அகலம் இவ்வளவு, நகல் இணைத்திருக்கிறோம். 2024 டிசம்பரில் இந்த இடத்தில் தண்ணீர் நின்ற உயரம் பக்கத்து வீட்டுச் சுவரில் கறையாக இருக்கிறது, அளவு நாடா வைத்து எடுத்த படம் இது. ஆகவே இந்த நம்பரைக் குடியிருப்பிலிருந்து நீக்கி நீர்நிலையாகக் காட்டுங்கள். அவ்வளவுதான். ஒரு பக்கம் போதும். அந்தச் சுவர்க் கறையை வெள்ளையடித்து மறைப்பதற்குள் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இது நமக்குப் புதிதும் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்து மக்கள் இருபது ஆண்டுக்கு முன்பே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன நாற்றம் வந்தது என்று நோட்டில் குறித்து வைத்தார்கள். 2004 வாக்கில் பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் பேச்சுக்கு மதிப்பு வந்தது அந்தக் குறிப்புகளால்தான். அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. ஊதா நிறம் பூசும் அன்றே அவர்களைக் கேட்டிருந்தால் இத்தனை வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போராடியிருக்க வேண்டாமே!

வெளியூரிலும் நடந்திருக்கிறது. மும்பையின் 2034 வளர்ச்சித் திட்ட வரைவை 2015இல் மக்கள் வரி வரியாகப் படித்தார்கள். இருக்கும் கட்டடத்தின் மேல் சாலை போட்டிருந்தது போன்ற பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். ஆட்சேபணைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கடைசியில் வரைவையே திருத்தி எழுத மாநில அரசு உத்தரவிட்டது. மும்பை பெரிய ஊர், படித்தவர்கள் அதிகம் என்பீர்கள். தெலங்கானாவில் காமாரெட்டி நம் கடலூர் போன்ற மாவட்டத் தலைநகர். 2023 ஜனவரியில் விளைநிலத்தைத் தொழில் மண்டலமாகக் காட்டிய வரைவை எதிர்த்து விவசாயிகள் திரண்டார்கள். வரைவைக் கைவிடச் சொல்லி நகராட்சியே தீர்மானம் போட்டது.

இந்த இடத்தில் கிராமங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாஸ்டர் பிளான் மாநகராட்சி எல்லையோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குள்ளும் போகும். ‘டவுன் பிளான்தானே, நமக்கென்ன’ என்று அங்கே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நிறம் அதிகம் மாறப் போவது அவர்கள் வயலில்தான். அவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே தீர்மானம் போட்டு அதை மனுவோடு இணைக்கலாம். நகரத்தில் இருக்கும் நமக்கும் 2022 நவம்பர் 1 முதல், கிராம சபை மாதிரியே, பகுதி சபை வந்திருக்கிறது. தெருவிளக்கும் குப்பையும் அங்கே பேசுகிறோம், மாஸ்டர் பிளானையும் பேசலாம். பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். 2006இல் தேர்ந்தெடுத்த நகராட்சியின் காலம் 2011இல் முடிந்தது, அதன் பிறகு அங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத ஊரோடு ஒப்பிட்டால் நம் கையில் இருப்பது பெரிய வாய்ப்பு.

கடற்கரைக்காரர்களுக்குத் தனிச் சிக்கல். வலை உலர்த்தும் மணலுக்கும் படகு ஏற்றும் இடத்துக்கும் யாரிடமும் பட்டா இல்லை. தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் இடம், ஆனால் வரைபடத்தில் அது வெறும் வெள்ளை. 2023இல் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் கருத்துக்கேட்பிலும் மீனவர்கள் எழுப்பிய குறை இதுதான். வெள்ளையாகக் கிடக்கும் இடத்தில் நாளை யாராவது ஒரு நிறம் பூசுவார்கள். அதற்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தே கரையை நடந்து அளந்து, எது எதற்கான இடம் என்று தானே ஒரு வரைபடம் போட்டு வைப்பது நல்லது. தேவனாம்பட்டினத்தார் தொடங்கினால் மற்ற குப்பங்களும் வரும்.

திட்டம் முடிவான பிறகு நம் வேலை தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். தனியார் நிலத்தைப் பூங்காவுக்கு என்று ஒதுக்கிவிட்டு மூன்று ஆண்டுக்குள் அரசு அதை எடுக்கவோ ஒப்பந்தம் போடவோ இல்லையென்றால், அதே சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஒதுக்கீடு விலகிவிடும். பூங்காவுக்கு என்று காட்டிய இடம் சத்தமில்லாமல் மனையாகும் வழிகளில் இது ஒன்று. பெரிய மனைப் பிரிவுகளில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் நகரில் அந்த இடம் எது, தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, இன்று அங்கே என்ன நிற்கிறது? இதைக் கேட்க எந்தத் திட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் இரண்டு பேர் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். ஒருவர் பத்திரிகை அறிவிப்புகளைத் தினமும் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் உங்கள் பகுதியின் வாய்க்கால், குளம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றின் சர்வே நம்பர்களை எழுதித் தரட்டும். அ-பதிவேட்டு நகல் எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு நானே கூட வருகிறேன். வரைவு வரும்போது நம்மிடம் கோப்பு தயாராக இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.