ஓடாத காருக்கும் ஆயில் மாற்ற வேண்டும்

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கார் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும்? கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், கோயில் கொடைக்குப் போன இடத்தில் கேட்பார்கள். பல வருடங்களாக மோட்டார் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடக்கிறவனிடம் வேறு என்னதான் கேட்பார்கள்? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற பெரும்பாலான கார்களின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முந்தி வருகிறதோ அப்போது மாற்றுங்கள் என்று போட்டிருக்கும். சில கார்களுக்கு 15,000 என்றும் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது டேஷ்போர்டு டப்பாவுக்குள் கிடக்கிற அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதுதான் முதல் வார்த்தை.

ஆனால் அந்த வரியில் பாதியைத்தான் நாம் படிக்கிறோம். 10,000 மனதில் தங்கிவிடுகிறது. ‘ஒரு வருடம்’ என்பது தங்குவதில்லை. ‘எது முந்தி வருகிறதோ’ என்பது கண்ணிலேயே படுவதில்லை. நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது இந்த மறந்துபோன பாதியைப் பற்றி.

நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். குளச்சலில் இருந்து குலசேகரம் வரை எந்த ஊருக்குப் போனாலும் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் நிறைய. மகன் மஸ்கட்டிலோ துபாயிலோ இருப்பான். லீவுக்கு வரும்போது ஓட்டுவதற்கு ஒரு கார் வாங்கி நிறுத்தியிருப்பான். மற்ற மாதங்களில் அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ எடுப்பார், மருந்து வாங்கப் போவார், திங்கள்சந்தைக்கு ஒரு நடை போவார். அவ்வளவுதான் ஓட்டம்.

கருங்கல் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் காரைப் பார்த்தால் ஷோரூமில் இருந்து அன்றைக்குத்தான் வந்தது போல இருக்கும். தினமும் துடைப்பார். எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் பெட்ரோல் போட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அப்படிப்பட்ட கவனக்காரர். வாங்கி மூன்று வருடம் கழித்து அவர் வீட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது, ஆயில் மாற்றினீர்களா சார் என்று கேட்டேன். “தம்பி, வண்டி 7,000 கூட ஓடல்ல. புக்குல 10,000-ன்னு தெளிவாட்டு போட்டிருக்கு. பின்ன எதுக்காக்கும் ஆயில் மாத்துறது?” என்றார். வண்டி வாங்கிய புதிதில் முதல் இலவச சர்வீசில் மாற்றியதோடு சரி. நான் எடுத்துச் சொன்னேன். அடுத்த லீவுக்குப் பையன் வரட்டும், பார்க்கலாம் என்றார்.

பையன் வருவதற்கு முன்னால் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேல்பக்கத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம். அது கொஞ்ச நாளில் சூடான பிறகும் நிற்கவில்லை. அப்புறம், சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டத் தொடங்கியது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க, மோர் கடைந்த மத்தில் ஒட்டியிருக்கிற வெண்ணெய் மாதிரி, வெளிறிய மஞ்சளில் ஒரு படலம். அது ஆயிலும் தண்ணீரும் கலந்தது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தட்டை, அதாவது ஆயில் பான் என்பதைக் கழற்றினால், உள்ளே கறுத்துக் கட்டியான பிசுக்கு. ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிற குழாயின் வாயில் ஒரு வலை இருக்கும், அந்த வலை பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. மேலே, வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் என்ற தண்டில் கோடு கோடாகத் தேய்மானம். ஆயில் போய்ச் சேராத இடத்தில் இரும்பும் இரும்பும் உரசியிருக்கிறது. அந்த வேலைக்கு ஆன பணத்தில் அந்தக் காருக்கு ஆயுள் முழுவதும் ஆயில் மாற்றியிருக்கலாம்.

இதிலே இன்னொரு விஷயம் கேளுங்கள். அதே நாளில், அதே மாடல் கார் ஒன்று பக்கத்திலேயே நின்றது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகிற டாக்சி. லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டிய வண்டி. அதன் மூடியைத் திறந்து சாரிடம் காட்டினேன். உள்ளே ஒரு துளி பிசுக்கு இல்லை. “அதெப்பிடி? அவன் வண்டி ராப்பகலா ஓடுது, என் வண்டி நிழல்லதானே நிக்குது?” என்று கேட்டார். மனசு வருந்திக் கேட்டார். அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் ஆயில் மாற்றுவதைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிட்டது.

விடை இதுதான். பெட்ரோல் எரிந்தால் புகை மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த காரின் சைலன்சரில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். பெரும்பகுதி அப்படி வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலும் கூடுதலாகச் செலுத்தப்படுகிறது, அதில் எரியாத பங்கும் ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும்.

வண்டி அரை மணி நேரம் நன்றாக ஓடினால் ஆயில் கொதிக்கக் கொதிக்கச் சூடாகி, இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். டாக்சிக்கு நடந்தது அது. இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் ஆயில் சூடாவதே இல்லை. மீட்டரில் சூட்டு முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்பீர்கள். அது எஞ்சினைச் சுற்றி ஓடுகிற கூலண்ட் தண்ணீரின் சூடு. ஆயில் சூடாவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு சின்ன ஓட்டத்திலும் கொஞ்சம் ஈரம் சேர்கிறது, போவதில்லை. ஈரம் சேரச் சேர அமிலம் உண்டாகிறது. அதை முறிக்க ஆயிலில் மருந்து கலந்திருக்கிறார்கள், அழுக்கைக் கரைத்து மிதக்க வைக்கவும் மருந்து கலந்திருக்கிறார்கள். அந்த மருந்தெல்லாம் தீர்ந்துபோகிற சரக்கு. கிலோமீட்டர் ஓடினாலும் தீரும், மாதக்கணக்கில் நின்றாலும் தீரும்.

நம் ஊர் கடல்காற்றுதான் ஆயிலைக் கெடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், காற்றில் ஈரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆயிலில் சேருகிற ஈரத்தின் பெரும்பங்கு எஞ்சினுக்குள்ளேயே உண்டாவது.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர் வீட்டுக் காரை, வாரம் ஒரு தடவை ஷெட்டில் நின்றபடியே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுவார்கள். பேட்டரி இறங்காமல் இருக்க என்பார்கள். இது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்கிறது. ஐந்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது, ஈரம் மட்டும் உள்ளே இறங்கும், பேட்டரிக்கும் போதிய சார்ஜ் ஏறாது. அதைவிட இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் வெளியே எடுங்கள். நாகர்கோவிலில் இருக்கிறவர்கள் கன்னியாகுமரிக்கு ஒரு நடை போய் வாருங்கள், போக ஏறக்குறைய 20 கிலோமீட்டர், வர 20. ஆரல்வாய்மொழிப் பக்கம் போனாலும் சரி. திரும்பி வரும்போது ஆயில் சுத்தமாகச் சூடேறியிருக்கும். அப்படி ஓட்டினாலும் வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றத்தான் வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தகும்: ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை.

சரி, தினமும் ஓட்டுகிறவர்களுக்கு வருவோம். கையேட்டில் அந்த 10,000 போட்டிருக்கிற பக்கத்தை அடுத்து இன்னொரு அட்டவணை இருக்கும். கடுமையான பயன்பாடு என்று தலைப்பு இருக்கும். அடிக்கடி சின்ன ஓட்டம், நெரிசலில் ஊர்ந்து போவது, தூசி, பாரத்தோடு மலையேற்றம் இதெல்லாம் அதில் வரும். நாம் கடுமையாக ஓட்டவில்லையே என்று நினைப்போம். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே சாயங்காலம் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். வடசேரியில், கோட்டாறில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கிலோமீட்டர் கூடாது. ரப்பர் தோட்டத்துப் பாதையில் பேச்சிப்பாறைப் பக்கம் ஏறி இறங்குகிறவர்கள், கல் ஏற்றிப் போகிற லாரிக்குப் பின்னால் தூசியில் போகிறவர்கள், எல்லோரும் அந்த அட்டவணைக்குள்தான். அப்படி ஓட்டுகிறவர்கள் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிற கையேடுகள் உண்டு. என் அபிப்பிராயம், நம் மாவட்டத்தில் ஊருக்குள்ளேயே ஓடுகிற காருக்கு 10,000 வரை காத்திருக்க வேண்டாம். ஆறு ஏழாயிரத்தில் மாற்றிவிடலாம்.

அதற்காக எல்லா வண்டிக்கும் 5,000 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அம்பாசிடர், மாருதி 800 ஓடிய காலத்து ஆயிலுக்கு அந்தக் கணக்கு சரி. இன்றைய சிந்தெடிக் ஆயிலைத் திருவனந்தபுரம், மதுரை என்று நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற வண்டியில் 5,000-த்தில் இறக்குவது நல்ல ஆயிலை வீணாக்குவது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ உள்ள வண்டி என்றால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதைத் தாங்கி நிற்பது ஆயில் படலம்தான்.

ஆயில் கறுத்துவிட்டதே, மாற்றலாமா என்று கேட்பார்கள். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். புகைக்கரியைத் தன்னுள் வாங்கி மிதக்க வைக்கிறது, தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதே போல, நம் ஊர் வெயிலுக்குக் கட்டி ஆயில்தான் நல்லது என்று 0டபிள்யூ-20 என்கிற மெல்லிய ஆயில் போட வேண்டிய எஞ்சினில் 20டபிள்யூ-40 என்கிற கட்டி ஆயிலை ஊற்றுகிறார்கள். செய்யாதீர்கள். இப்போதைய எஞ்சினில் ஆயில் போகிற வழிகள் மிக நுணுக்கமானவை. காலை ஸ்டார்ட்டில் மேலே ஏறிச் சேர நேரம் எடுத்தால் தேய்மானம் அங்கேதான். கையேட்டில் என்ன நம்பரோ அதைத்தான் ஊற்ற வேண்டும். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

மழை வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 நவம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயில் கேஜ் கம்பியை உருவிப் பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, ஆயில் பால் நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் உள்ளே போய்விட்டது. கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. கழிவு ஆயிலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்கள் பழைய ஆயிலை ஓடையில் ஊற்றாதீர்கள், கொசுவுக்கு என்று சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். நாகர்கோவில் ஓடைத் தண்ணீர் பழையாற்றில் சேர்ந்து மணக்குடியில் கடலுக்குப் போகிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. கேனில் பிடித்து, கழிவு ஆயிலை முறையாக எடுத்துப்போக ஏற்பாடு வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கறையானுக்கு மரத்தில் பூசுவது பற்றிக் கேட்டிருந்த நேயருக்கு, கிணற்றடியிலும் மாட்டுத் தொழுவத்திலும் பூச வேண்டாம் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். ஆயில் கேஜை மாதம் ஒரு தடவை, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்; இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.