பிராண்டோ இயக்கிய ஒரே படம்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்லன் பிராண்டோவை நடிகராக எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு படத்தை இயக்கியும் இருக்கிறார். 1961-இல் வெளியான 'ஒன் ஐட் ஜாக்ஸ்'. வெஸ்டர்ன் வகை, நம் ஊர்ப் பேச்சில் கௌபாய் படம். இதை முதலில் ஸ்டான்லி குப்ரிக் இயக்குவதாக இருந்தது. படப்பிடிப்புக்கு முன்பே அவர் விலகிவிட, நாயகனாக நடிக்க இருந்த பிராண்டோவே இயக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்பும் அவர் படம் இயக்கியதில்லை, அதற்குப் பின்பும் இயக்கவில்லை.

கதை 1880-இல் மெக்சிகோவின் சொனோராவில் தொடங்குகிறது. ரியோ, டாட் லாங்வொர்த் என்று இரண்டு வங்கிக் கொள்ளையர்கள். குதிரைப் போலீஸ் துரத்த, ஒரு மேட்டில் சிக்கிக்கொள்கிறார்கள். இருப்பது ஒரே குதிரை. ஒருவர் போய் வேறு குதிரைகளோடு திரும்பி வரவேண்டும். யார் போவது என்பதை அதிர்ஷ்டத்திடம் விட்டுப் பார்க்கிறார்கள். அதில் ரியோ தில்லுமுல்லு செய்து டாடை ஜெயிக்க வைக்கிறான், நண்பனாவது தப்பட்டும் என்று. டாட் தங்கத்தோடு போனவன்தான், திரும்பவில்லை. ரியோவுக்கு ஐந்து வருடச் சிறை. தப்பி வந்து தேடினால், டாட் கலிபோர்னியாவின் மாண்டெரேயில் ஷெரிஃபாக, குடும்பஸ்தனாக, ஊர் மதிக்கும் மனிதனாக இருக்கிறான்.

இருவரும் மறுபடி சந்திக்கும் காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ரியோவாக நடிப்பவர் பிராண்டோ, டாடாக நடிப்பவர் கார்ல் மால்டன். உன்னிடம் திரும்பி வர முடியாமல் போய்விட்டது என்று பொய் சொல்கிறான் டாட். நான் பிடிபடவே இல்லை, சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன் என்று பதிலுக்குப் பொய் சொல்கிறான் ரியோ. இருவருமே சிரிக்கிறார்கள். மால்டனின் முகத்தில் முதலில் பயம், அப்புறம் சந்தேகம், கடைசியில் நம்பிவிட வேண்டும் என்ற ஆசை. பிராண்டோ அவசரப்படாமல் கேமராவை அவர் மீதே வைத்திருக்கிறார். 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்', 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' ஆகிய படங்களில் சேர்ந்து நடித்தவர்கள் இவர்கள். எதிரில் நிற்கும் நடிகருக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்று பிராண்டோவுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் படம் எடுப்பவரிடம் இந்த நிதானம் அபூர்வம்.

டாடின் வளர்ப்பு மகள் லூயிசாவாக நடித்த மெக்சிகோ நடிகை பினா பெல்லிசெருக்கும் இதே இடம் கிடைக்கிறது. கடற்கரையில் விடிந்ததும் ரியோ, அவளை மயக்கத் தான் சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்கிறான். அவள் அழுது புரளவில்லை, முகம் மட்டும் மெல்ல மூடிக்கொள்கிறது. தாயாக வரும் கேட்டி ஹுராடோவிடம் அவள் மனம்விட்டுப் பேசுவது ஸ்பானிஷில். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இதற்குத் துணிச்சல் வேண்டும். சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் பெல்லிசெருக்குச் சிறந்த நடிகை விருதும் படத்துக்கு முதல் பரிசும் கிடைத்தன.

அடுத்து, கடல். வெஸ்டர்ன் என்றாலே புழுதியும் பாலைவனமும்தான். இதில் பசிபிக் அலைகள் பாறையில் மோதுகின்றன. ஒளிப்பதிவு சார்லஸ் லாங். சரியான அலைக்காக மொத்தக் குழுவையும் பிராண்டோ காத்திருக்க வைத்தார் என்பது ஹாலிவுட்டில் இன்றும் சொல்லப்படும் கதை. 1958 டிசம்பரில் தொடங்கிய படப்பிடிப்பு மறுவருடம் ஜூன் வரை இழுத்தது. செலவு சுமார் 60 லட்சம் டாலரைத் தொட்டது.

சரி, குறைகளுக்கு வருவோம். நீளம்தான் குறை என்று பலர் சொல்கிறார்கள். மீனவர் குடியிருப்பில் கை காயம் ஆறும்வரை ரியோ காத்திருக்கும் பகுதி இழுவைதான், மறுக்கவில்லை. அங்கே வாழும் சீனர்கள் வெறும் பின்னணியாக நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய குறை. ஆனால் என்னை உண்மையில் உறுத்துவது, நாயகனுக்குப் படம் கொடுக்கும் சலுகை. டாட் ஊர் நடுவே ரியோவைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்து, துப்பாக்கி பிடிக்கும் கையைத் துப்பாக்கியின் அடிக்கட்டையால் நசுக்குகிறான். வலுவான காட்சி. ஆனால் அதற்குப் பிறகு ரியோவின் வேதனையிலேயே படம் லயித்துப் போகிறது. லூயிசாவை ஏமாற்றியதற்கான கணக்கு தீர்க்கப்படுவதே இல்லை. மற்றவர்களைக் கூர்ந்து பார்த்த இயக்குநர், தன்னைப் பார்க்கும்போது இளகிவிட்டார்.

டாடுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. சிறைக் கம்பிக்குப் பின்னாலிருந்து ரியோ அவனிடம் சொல்வான்: ஊருக்குத் தெரிவது உன் ஒரு பக்கம், மறுபக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பக்கமும் கடைசிவரை இருந்திருக்க வேண்டும். பிராண்டோ முதலில் தொகுத்தது சுமார் ஐந்து மணி நேரம். பாரமவுண்ட் நிறுவனம் அதை 141 நிமிடமாக வெட்டியது. லூயிசா சாவதாக அவர் வைத்திருந்த முடிவையும் மாற்றியது. இறுதிப் பகுதியில் டாட் சாதாரண வில்லனாகச் சுருங்கிப் போகிறான். படத்தின் பாத்திரங்கள் கறுப்பு வெள்ளையாகிவிட்டதைப் பற்றி பிராண்டோவே வருத்தப்பட்டார். வெட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் ஐந்து மணி நேரப் படத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கியவரும் அவர்தானே.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லி விடைபெறுகிறேன். காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் சாயம்போன பிரதிகள் நிறைய உலவுகின்றன. அவற்றில் அந்தக் கடலே தெரியாது. இயக்குநர்கள் மார்ட்டின் ஸ்கார்செசி, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் ஆலோசனையோடு 2016-இல் சீரமைக்கப்பட்ட பதிப்பு இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.