4,000 வெள்ளி இருந்தால் எந்த மடிக்கணினி வாங்கலாம்?

(திரையில்: மேசைமேல் இரண்டு மடிக்கணினிகள், பக்கத்தில் அவற்றின் சார்ஜர்கள்)

வணக்கம். ஆகஸ்டில் பல்கலைக்கழகம் திறக்கிறது. "நல்லதாகப் பார்த்து வாங்கு" என்று வீட்டில் 4,000 சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிக்கனமாக வாங்குகிறவருக்குப் புத்தி சொல்ல ஊரே வரும். தாராளமாகப் பணம் வைத்திருப்பவரை யாரும் எச்சரிப்பதில்லை. அவர் நேராகக் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். என் ஆலோசனை இதுதான்: வேகத்துக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். நான்கு ஆண்டுகள் தொல்லை தராத கணினிக்குக் கொடுங்கள்.

முதலில் உங்கள் பாடத்தைப் பாருங்கள். இயந்திரப் பொறியியல் படிப்பவருக்குப் பெரும்பாலும் சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருள் தேவைப்படும்; கட்டடக்கலை படிப்பவருக்கு ரெவிட் என்ற மென்பொருள். இரண்டுமே விண்டோஸுக்காக மட்டும் எழுதப்பட்டவை. இன்டெல் சிப் இருந்த காலத்தில் மேக் கணினியிலேயே விண்டோஸைத் தனியாக நிறுவிக்கொள்ள முடிந்தது. 2020இல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்ததிலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. செயற்கை நுண்ணறிவு படிக்கப்போகிறவர் கூடா என்ற பெயரை முதல் ஆண்டிலேயே கேள்விப்படுவார். கிராபிக்ஸ் சிப்பைக் கணிப்பு வேலைக்குப் பயன்படுத்த உதவும் மென்பொருள் அது; என்விடியா சிப்பில் மட்டுமே ஓடும். சட்டம், வணிகம், மொழி, சமூகவியல் படிப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. எடை குறைந்ததாக, மின்கலம் நாள் முழுக்க நிற்பதாக ஒன்றை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுப்பீர்களா என்பது வேறு விஷயம்.

இன்டெல் சிப்பிலிருந்து வேறுபட்ட ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் கணினிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரத்தை அவை சிக்கனமாகச் செலவழிக்கின்றன. ஆனால் ஆய்வகக் கருவி ஒன்றைக் கணினியோடு இணைக்க வேண்டுமென்றால், அதன் டிரைவர், அதாவது கருவியை இயக்கும் சிறு மென்பொருள், அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய கருவிகள் பலவற்றுக்கு அப்படி எழுதப்படவில்லை. பொறியியல், அறிவியல் மாணவர்கள் வாங்குவதற்குமுன் துறையின் மென்பொருள் பட்டியலை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

(திரையில்: கிராபிக்ஸ் சிப்பின் பெயர் ஒட்டிய வில்லை, மிக அருகில்)

இனி, அதிகப் பணம் வீணாகும் இடத்துக்கு வருவோம். விசைப்பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கும் இந்த வில்லை முழு உண்மையைச் சொல்வதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயரில் மடிக்கணினிக்கு வரும் என்விடியா கிராபிக்ஸ் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த மின்சக்தி அளவுக்கும் கணினித் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம். வில்லை ஒன்றுதான், பெயர் ஒன்றுதான், உள்ளே கிடைக்கும் வேகம் வேறு வேறு. விலை ஏறினாலும் கதை மாறுவதில்லை: ஆர்டிஎக்ஸ் 5090 மேசைக்கணினியில் 32 ஜிபி நினைவகத்தோடு வருகிறது, மடிக்கணினியில் 24 ஜிபியோடு. கடைக்காரரிடம் "எத்தனை வாட்?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

(திரையில்: சார்ஜரைத் திருப்பிக் காட்டுதல்)

சார்ஜரின் அடிப்பக்கத்தையும் படியுங்கள். இதில் 20 வோல்ட், 16.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. பெருக்கினால் 330 வாட். யுஎஸ்பி-சி வழியாக அதிகபட்சம் 240 வாட்தான் கொடுக்க முடியும் என்பதால், இந்தக் கணினி முழு வேகத்தில் ஓட இந்தச் செங்கல்லைக் கூடவே சுமக்க வேண்டும். மின்கலத்தை நம்பலாமா? விமானத்தில் தடையின்றிக் கொண்டுசெல்லும் மின்கலத்துக்கு உச்சவரம்பு 100 வாட்-மணி. அதனால்தான் எவ்வளவு பெரிய கணினியானாலும் மின்கலம் 99 சொச்சத்தோடு நின்றுவிடுகிறது. 100 வாட்டுக்குமேல் உறிஞ்சும் சிப்பை அதில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. எழுதவும் படிக்கவும் 10 வாட் மட்டும் கேட்கும் கணினிக்கோ 70 வாட்-மணி மின்கலமே ஏழு மணி நேரத்துக்குப் போதும்.

விளையாட்டுக்கான 16 அங்குலக் கணினி பலவும் இரண்டரைக் கிலோவை ஒட்டி இருக்கும். அதோடு சார்ஜர், தண்ணீர்ப் புட்டி, குடை. பூன் லே ரயில் நிலையத்தில் இறங்கி 179ஆம் எண் பஸ்ஸில் நின்றபடியே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவரின் தோளுக்குத் தெரியும் அந்த வித்தியாசம். விரிவுரை அரங்கில் மடக்கி நீட்டும் சின்னப் பலகைமேல் அந்தக் கணினி உட்காரவும் உட்காராது. நூலகத்தில் அதன் விசிறி இரையத் தொடங்கினால் பக்கத்து மேசையிலிருந்து ஒரு பார்வை வரும்.

கனமான கணிப்பு வேலைகளைத் துறையின் கணினிகளிலும் தொலைவிலுள்ள சர்வர்களிலும் செய்வதே பெரும்பாலும் வழக்கம். ஆகவே பெரும்பாலானோருக்கு நான் சொல்வது 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை. விளையாட்டுப் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வீட்டில் மேசைக்கணினி ஒன்று, கையில் மெல்லிய மடிக்கணினி ஒன்று என்று பிரித்துக்கொள்ள 4,000 வெள்ளி இடம் கொடுக்கும். விடுதியில் தங்குகிறவர்கள் மட்டும் அறையின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் தயங்காமல் போட வேண்டிய இடம் நினைவகம் (ரேம்). மெல்லிய கணினிகள் பலவற்றில் அதைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். இப்போது வரும் மேக் மடிக்கணினிகளிலும் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது. வாங்கும் நாளில் எவ்வளவு இருக்கிறதோ, பட்டமளிப்பு நாளிலும் அவ்வளவுதான். 32 ஜிபி எடுங்கள். சேமிப்பகத்துக்கு அவ்வளவு தவிக்கத் தேவையில்லை. பல விண்டோஸ் கணினிகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், மேக்காக இருந்தால் வெளியே ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

திரையின் பிரகாசம் 400 நிட்ஸுக்குக் (பிரகாசத்தின் அலகு) குறையாமல் இருந்தால் உணவங்காடி வெளிச்சத்திலும் எழுத்து தெரியும். 14 அங்குலத்தில் 4கே என்ற மிக நுணுக்கமான திரை வேண்டாம்; கண்ணுக்கு லாபம் குறைவு, மின்கலத்துக்கு நஷ்டம் அதிகம்.

(திரையில்: ரசீது)

இப்போது கணக்கு. என் பிரிப்பு இப்படி: கணினிக்கு 2,600 வெள்ளி சுமார். விபத்துச் சேதத்தையும் சேர்த்த மூன்றாண்டு உத்தரவாதத்துக்கு 400. வீட்டில் 27 அங்குலத் திரைக்கு 500. மிச்சத்தைத் தொடாதீர்கள், மூன்றாம் ஆண்டில் மின்கலம் மாற்றவோ, புதிதாகக் கேட்கும் மென்பொருளுக்கோ உதவும். மாணவர் சலுகை விலை உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு, அதே கணினிக்குச் சன்டெக் மண்டபத்தில் நடக்கும் கணினிக் கண்காட்சியில் என்ன சொல்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். அங்கே இலவசமாகத் தரும் பை, மவுஸ், அச்சுப்பொறியையெல்லாம் விலையில் கழித்துப் பார்க்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கிவரட்டும் என்ற யோசனை வந்தால், பொருள் சேவை வரியை நினைவில் வையுங்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி வரைதான் விலக்கு. அதற்குமேல் உள்ள தொகைக்கு 9 விழுக்காடு கட்ட வேண்டும். அந்த ஊரில் வாங்கிய கணினிக்கு உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே வாங்கினால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்', அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் சட்டம், துணைக்கு இருக்கிறது. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. ஆகவே அந்த ஆறு மாதத்தில் கணினியைப் பொத்திப் பொத்தி வைக்காமல் நன்றாக வேலை வாங்குங்கள். எல்லா யுஎஸ்பி துளையிலும் எதையாவது செருகிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியைத் திரை முழுக்க விரித்துப் புள்ளி தெரிகிறதா என்று தேடுங்கள். ரசீதிலுள்ள வரிசை எண்ணும் கணினியின் அடியிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதைக் கடையை விட்டு நகர்வதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.