மெக்கன்ரோவின் வாயும் அம்பயரின் கணக்கும்

டென்னிஸ் அம்பயராகப் போகிற நண்பர்களே, வாய்த்துடுக்கான ஆட்டக்காரர் என்றதும் குணம், வளர்ப்பு என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். அதையெல்லாம் அவருடைய அப்பா அம்மா பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் வேலை கணக்கு.

அமெரிக்க ஆட்டக்காரர் ஜான் மெக்கன்ரோவையே எடுத்துக்கொள்வோம். 1981 விம்பிள்டன் முதல் சுற்றில் டாம் கல்லிக்சனோடு ஆடும்போது பந்து வெளியே என்று தீர்ப்பு வந்தது. கோட்டுச் சுண்ணாம்பு பறந்ததைப் பார்க்கவில்லையா என்று அம்பயர் எட்வர்ட் ஜேம்ஸிடம் அவர் கத்தியதை உலகமே பார்த்தது. அபராதம் 1,500 டாலர். அந்த ஆண்டு சாம்பியனுக்குப் பரிசு 21,600 பவுண்டு, அதை வென்றவரும் அவரேதான். அப்படிப்பட்டவருக்கு இந்த அபராதம் பஸ் டிக்கெட் மாதிரி. சாம்பியன்களுக்கு வழக்கமாகத் தரும் கௌரவ உறுப்பினர் பதவியை, விம்பிள்டனை நடத்தும் கிளப் அந்த ஆண்டு அவருக்குத் தரவில்லை. பணத்தைவிட அதுதான் உறைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த இறுதிப்போட்டியில் எதிரே நின்றவர் பியான் போர்க். போர்க்கோடு ஆடும்போதெல்லாம் மெக்கன்ரோ பெரும்பாலும் அடங்கியே இருந்தார். ஆக, கோபத்தை அடக்கத் தெரியாதவர் இல்லை. எங்கே காட்டலாம் என்று தெரிந்தவர். பத்திரிகைகளுக்கும் அந்தக் கோபம்தான் வேண்டியிருந்தது. பந்து தரையைத் தொடுமுன் நல்ல வாலி அடித்தால் உள்பக்கம், ராக்கெட்டை உடைத்தால் முதல் பக்கம்.

இனி 1990 ஜனவரி 21, மெல்போர்ன், ஆஸ்திரேலிய ஓப்பன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நான்காம் சுற்றில் எதிரே ஸ்வீடனின் மிகேல் பெர்ன்ஃபோர்ஸ். முந்தைய ஆண்டு வரை தண்டனைக்கு நான்கு படி: எச்சரிக்கை, ஒரு புள்ளி, ஒரு கேம், அப்புறம்தான் வெளியேற்றம். அந்த ஆண்டு தொடக்கத்தில் கேம் என்ற படியை எடுத்துவிட்டார்கள். மெக்கன்ரோ அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் செட்டில் ஒரு லைன் அம்பயர் பெண்மணிக்கு முன்னால் போய் நின்று, ராக்கெட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே முறைத்தார். எச்சரிக்கை. நான்காம் செட்டில் ராக்கெட்டைத் தரையில் அடித்தார். ஒரு புள்ளி போனது. உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னார். கென் ஃபாரர் வந்து அம்பயரின் தீர்ப்பு சரி என்றார். அவர் திரும்பி நடக்கும்போது மெக்கன்ரோ அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நாற்காலியிலிருந்த ஜெர்ரி ஆம்ஸ்ட்ராங் குரலை உயர்த்தாமல் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார். 6-1, 4-6, 7-5, 2-4. செட் கணக்கில் முன்னிலையில் இருந்தவர் வெளியே. கேம்தான் போகும், இன்னும் ஒரு படி மிச்சமிருக்கிறது என்று நம்பித் திட்டியவர் அவர்.

இதில் அம்பயருக்குப் பாடம் எது? ஆம்ஸ்ட்ராங் முதல் முறைப்புக்கே எச்சரிக்கை கொடுத்தார். அங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். முதல் தவறை, பெரிய ஆட்டக்காரராயிற்றே என்று விட்டுவிட்டால், இரண்டாவது தவறு கணக்கில் முதலாவதாகத்தான் ஏறும். அப்புறம் திடீரென்று கடுமை காட்டினால் அரங்கமே உங்களைப் பார்த்துக் கூச்சலிடும், அதில் நியாயமும் இருக்கும். நடந்தது என்ன, அதற்கு விதியில் பெயர் என்ன என்பதை உடனே சொல்லுங்கள்: ராக்கெட்டை உடைத்தல், பந்தை வீசியடித்தல், காதில் விழும் கெட்ட வார்த்தை. ஆளின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வாக்குவாதம் நீண்டால் ஆடச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த படி.

கோட்டுச் சண்டைக்குக் காரணமே இப்போது குறைந்துவிட்டது. 2006-ல் அமெரிக்க ஓப்பனிலும் மறு ஆண்டு விம்பிள்டனிலும், பந்து எங்கே விழுந்தது என்று கேமராக்களால் காட்டும் ஹாக்-ஐ கருவி வந்தது. 2025 விம்பிள்டனில் லைன் அம்பயர்களே இல்லை, கருவியே குரல் கொடுத்துத் தீர்ப்பு சொன்னது. அந்த ஆண்டுதான் பாவ்லியுசென்கோவா–கார்ட்டல் ஆட்டத்தில், இயக்குபவரின் தவறால் கோர்ட்டின் ஒரு பகுதியில் கருவி அணைந்துகிடந்தது. கார்ட்டல் அடித்த பந்து நன்றாக வெளியே விழுந்தும் குரல் வரவில்லை. அம்பயர் அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார், அந்த கேம் பாவ்லியுசென்கோவாவின் கையைவிட்டுப் போனது. கேமைத் திருடிவிட்டீர்கள் என்று அவர் கேட்டதும் அம்பயரைத்தான். கருவியைக் கையால் அணைக்கும் வசதியைப் பிறகு எடுத்துவிட்டார்கள்.