ஏழரை கிராம் கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் பழைய கடிதத் தராசைக் கையில் எடுப்பவர்கள் பித்தளையின் பளபளப்பில் மயங்கிவிடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியது முள் நகரும் தகட்டை. 1849 ஜனவரி 1 அன்று அந்நாட்டில் தூரத்தைப் பாராத ஒரே அஞ்சல் கட்டணம் வந்தது: ஏழரை கிராம் வரை 20 சாந்திம் (ஃப்ராங்கில் நூறில் ஒரு பங்கு), 15 கிராம் வரை 40. இந்த எடைப் படிகளையே தகட்டில் கோடுகளாகப் பொறித்தார்கள். முதல் படி 1862இல் 10 கிராமாகவும், 1878இல் 15 ஆகவும், 1910இல் 20 ஆகவும் உயர்ந்தது. ஆகவே எந்தக் கோடு முதலில் வருகிறது என்பதே கேள்வி. ஏழரையில் தொடங்கி 15க்குப் போனால் பழையது. 15, 30, 45 என்று போனால் 1878க்குப் பிந்தியது. வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் படிகள் வேறு என்பதால் கோட்டை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைப் பாருங்கள். பக்கத்தில் பயனில்லாத துளை இருந்தால், தகடு பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். கிராம் அளவு மட்டுமே பொறித்தவற்றுக்கு இந்த வழி உதவாது.

சோதிக்க எடைக்கல் தேவையில்லை. இன்றைய ஒரு யூரோ நாணயம் சரியாக ஏழரை கிராம்! இரண்டு வைத்தால் 15. மூன்றாம் நெப்போலியன் காலத்து 10 சாந்திம் வெண்கலக் காசு 10 கிராம்தான். ஆனால் தேய்ந்த காசு எடை குறைந்திருக்கும், அதை நம்ப வேண்டாம்.

முதலில் தராசைச் சமதளத்தில் வையுங்கள். எதிர்எடை ஊசலாடும் வகை, மேசை சற்றுச் சாய்ந்தாலும் பொய் சொல்லும். காலில் திருகு இருந்தால், வெறுந்தட்டில் முள் சுழியத்தில் நிற்கும்வரை திருப்புங்கள். நாணயத்தை வைத்து எடுத்து, மறுபடி வையுங்கள். முள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் அச்சில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. சுழியம் சரியாக இருந்தும் எடை கூடக்கூடப் பிழையும் கூடினால், எதிர்எடை வேறொரு தராசினுடையதாக இருக்கலாம்.

இரட்டைத் தட்டு வகை, பிரெஞ்சுக் கணித அறிஞர் ரோபெர்வால் 1669இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்த அமைப்பு. அதில் நாணயத்தைத் தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்துங்கள். சமநிலை மாறினால், மேல்கோலுக்கு இணையாக அடியில் மறைந்திருக்கும் சட்டம் வளைந்திருக்கிறது, அல்லது அதன் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன. பழுதுபார்ப்பது எளிதல்ல, விலையைக் குறைத்துக் கேளுங்கள். சுருள்வில் வகையோ ஒருமுறை அளவுக்கு மீறி இழுபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. சேகரிப்பில் அதற்குக் கடைசி இடமே தருவேன்.

எண்ணெய் விடாதீர்கள். தூசியைப் பிடித்துப் பசையாகி முள்ளை மாட்டவைக்கும். அச்சுகளை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தாலே போதும். பாலீஷ் போட்டால் பழைய அரக்குப்பூச்சும், எண்களில் நிரப்பிய கறுப்பும் சேர்ந்தே போய்விடும்; விலையும் இறங்கும்.

அஞ்சலில் வரவழைப்பதானால், தட்டுகளையும் கழற்ற முடிந்த எதிர்எடையையும் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். முள்ளைப் பருத்தி நூலால் கட்ட வேண்டும். ரப்பர் வளையம் போட்டால், அதிலுள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்கவைத்துவிடும்.