தொட்டுப் பார்க்க முடியாதவருக்கு எழுதுவது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு விளம்பரத்தை வாசிக்கிறேன், கேளுங்கள். "தையல் இயந்திரம் விற்பனைக்கு. நல்ல நிலையில் உள்ளது. அதிகம் பயன்படுத்தவில்லை. விலை பேசிக்கொள்ளலாம். உண்மையிலேயே வாங்குபவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்."

கேட்டு முடித்ததும் உங்கள் மனக்கண்ணில் என்ன இயந்திரம் வந்தது? காலால் மிதிப்பதா, கையால் சுற்றுவதா, மோட்டார் பொருத்தியதா? மேசையோடு வருமா? முதலில், அது தைக்குமா? ஒன்றுமே தெரியவில்லை, இல்லையா? இதை எழுதியவள் நான்தான். என் அம்மாவின் தையல் இயந்திரத்துக்காக எழுதினேன். இரண்டு வாரம் அந்த விளம்பரம் இணையத்தில் கிடந்தது. வந்த செய்திகளெல்லாம் ஒரே கேள்வி: "இருக்கிறதா?" இருக்கிறது என்று பதில் போட்டால் அதற்குமேல் பேச்சே இல்லை.

ஏன் யாரும் மேலே பேசவில்லை என்று பிறகு யோசித்தேன். பழைய பொருளை நேரில் வாங்கும்போது நம் கை சும்மா இருக்காது. கதவைத் திறந்து மூடுவோம், மேசையை ஆட்டிப் பார்ப்போம், துணியை முகர்ந்து பார்ப்போம். இணையத்தில் வாங்குபவருக்கு அந்தக் கை இல்லை. அவருடைய கைக்குப் பதிலாக நம் சொல்லும் நம் படமும்தான் வேலை செய்ய வேண்டும். "நல்ல நிலையில் உள்ளது" என்ற சொல் அந்த வேலையைச் செய்வதில்லை. மோசமான பொருளை விற்பவரும் அதைத்தானே எழுதுகிறார்?

இதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இலேயே பழைய கார் சந்தையை வைத்து விளக்கியிருக்கிறார். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகத்தோடு பார்த்து, குறைத்தே விலை கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மனமில்லாமல் விலகிவிடுகிறார். சந்தையில் மிஞ்சுவது பெரும்பாலும் மோசமானவை. சந்தேகம் இன்னும் கூடுகிறது. 2001இல் அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது, ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாத இத்தகைய சந்தைகளை ஆராய்ந்ததற்காகத்தான். நாம் ஒரு விளம்பரம் எழுத உட்காரும்போது நம் முன்னால் இருக்கும் வேலை, அந்தத் தெரியாமையைக் குறைப்பது. பொருளைப் புகழ்வது இரண்டாம் பட்சம்.

அதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எழுதியதை, பொருளைப் பார்த்தே இராத ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். படம் அனுப்பாதீர்கள். கேட்டவர் பொருளைத் திருப்பி விவரிக்க முடிந்தால் விளம்பரம் தேறியது. அவர் எந்த இடத்தில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறாரோ, அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது.

அப்படி வாசித்தபோது என் தோழி கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு பெரியது?" அளவு என்பது பலரும் விட்டுவிடும் விஷயம். ஒருமுறை நான் ஒரு புத்தக அலமாரி வாங்கினேன். படத்தில் அடக்கமாகத் தெரிந்தது. வந்து இறங்கியபோது மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. இரண்டு பேர் அரைமணி நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கீழேயே வைத்துவிட்டுப் போனார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை. நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண் எழுதவில்லை, அவ்வளவுதான். டேப் பிடித்து அளந்து சென்டிமீட்டரில் போடுங்கள். "மீடியம் சைஸ்" என்பது அளவே அல்ல. துணி என்றாலும் அப்படித்தான். லேபிளில் உள்ள எழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து எழுதினால் வாங்குபவர் தன் சட்டையோடு ஒப்பிட்டுக்கொள்வார். பிரிட்ஜ் என்றால் எத்தனை லிட்டர், வாஷிங் மெஷின் என்றால் எத்தனை கிலோ. எடை அதிகமான பொருளுக்கு, தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, பொருளின் அடையாளம். பெரும்பாலான மின்சாதனங்களின் பின்புறமோ அடியிலோ ஒரு சிறு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண் அதில் இருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் மீதி விவரத்தை வாங்குபவரே தேடிக்கொள்வார். பழைய சிங்கர் தையல் இயந்திரங்களில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை வைத்து, எந்த ஆண்டு செய்தது என்பதைக்கூடக் கண்டுபிடிக்கலாம். "பாட்டி காலத்தது" என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் இருக்கிறது. 2007 முதல் அது 13 இலக்கம். எத்தனையாவது பதிப்பு என்பதும் முக்கியம், பாடநூல் என்றால் மிக முக்கியம்.

தலைப்பில் ஒரு சிக்கல் உண்டு. நாம் "குளிர்சாதனப் பெட்டி" என்று அழகாக எழுதுவோம். தேடுபவர் "பிரிட்ஜ்" என்று தட்டுவார், வேறொருவர் "ஃப்ரிட்ஜ்" என்று தட்டுவார். மூன்றும் விளம்பரத்தில் எங்காவது இடம்பெறட்டும். தலைப்பில் பொருளின் பெயர், நிறுவனம், மாடல், அளவு இருந்தால் போதும். "சூப்பர்", "அவசர விற்பனை" போன்ற சொற்களை யாரும் தேடுவதில்லை.

இனி, குறைக்கு வருகிறேன். நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். குறையை நீங்களே சொல்லுங்கள், முதலிலேயே சொல்லுங்கள், படத்தோடு சொல்லுங்கள்.

குறையைச் சொன்னால் யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். 1995இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய இணைய ஏலத் தளம்தான் பின்னாளில் இபே ஆனது. அங்கே அவர் முதலில் விற்ற பொருள், உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று வாங்கியவரிடம் கேட்டார். உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்தது. நமக்குக் குப்பையாகத் தெரிவதற்கும் எங்கோ ஒருவர் காத்திருக்கலாம், ஆனால் உள்ளபடி சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

சேகரிப்பவர்களை விடுங்கள். சாதாரணமாக வாங்குபவர்கூட, "வலது மூலையில் ஒரு அங்குல நீளத்துக்குக் கீறல், மூன்றாவது படத்தில் பார்க்கலாம்" என்ற வரியைப் படித்ததும் நிம்மதியாகிறார். கீறலையே சொன்னவர் மற்றதை மறைத்திருக்க மாட்டார் என்று எண்ணுகிறார். நான் வாங்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. மறைத்து விற்றதை வாங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. ஒரு வாஷிங் மெஷின். துவைத்தது, ஆனால் பிழியவில்லை. நேரில் பார்க்கப் போனபோது தண்ணீர் வரவில்லை என்று சொல்லி ஓட்டிக் காட்டவில்லை. பணம் போனதைவிட, விற்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வழியனுப்பியதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்த மெஷினுக்குப் பிறகு, படம் எடுப்பது பற்றியும் என் எண்ணம் மாறிவிட்டது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். நிறுவனத்தின் பளபளப்பான படத்தை இறக்கிப் போடாதீர்கள். இதெல்லாம் பலர் சொல்வதுதான். நான் கூடுதலாகச் சொல்வது, பொருள் வேலை செய்யும் படம் ஒன்று வேண்டும் என்பது. தொலைக்காட்சி என்றால் ஓடும் திரை. கேமரா என்றால் அதே கேமராவில் எடுத்த ஒரு படம். வாஷிங் மெஷின் என்றால் பிழியும்போது எடுத்த அரை நிமிட வீடியோ. தையல் இயந்திரத்துக்கு நான் போட்ட அத்தகைய படத்தில் இயந்திரமே இல்லை. ஒரு துண்டுத் துணியில் நேர்கோட்டில் தைத்து, மேல்பக்கத் தையலையும் அடிப்பக்கத் தையலையும் நெருக்கத்தில் எடுத்துப் போட்டேன். தையல் தெரிந்தவருக்கு அந்த ஒரு படம் போதும். நூல் எங்காவது தளர்ந்திருந்தால் அடிப்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

படத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. கைப்பேசி கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். விற்பனைக்குப் படம் எடுக்குமுன் அதை அணைத்துவிடுங்கள். கைப்பேசியையே விற்பதானால் இன்னும் கவனம் தேவை. ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டாம். வாங்க வருபவர் சரிபார்க்கக் கொடுத்தால் போதும். பேட்டரியின் நிலையைச் சொல்லுங்கள். ஐபோனில், புதிதாக இருந்தபோதைய கொள்ளளவில் இப்போது எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதை அமைப்புகளில் பார்க்கலாம். உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். வெளியேறாமல் கொடுத்த கைப்பேசி, வாங்கியவர் கையில் திறக்க முடியாத பூட்டாகிவிடக்கூடும்.

சில பொருள்களுக்கு எவ்வளவு நல்ல விளம்பரம் எழுதினாலும் விற்கக்கூடாது. கீழே மோதி விழுந்த ஹெல்மெட் அப்படிப்பட்டது. வெளியில் ஒன்றும் தெரியாது, உள்ளே அடியைத் தாங்கும் அடுக்கு நசுங்கியிருக்கலாம். விபத்தில் சிக்கிய காரிலிருந்த குழந்தை இருக்கையும் அப்படித்தான். இவற்றை விற்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

விலைக்கு வருவோம். 1990இல் வெளியான ஓர் ஆய்வில் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு குழுவில் பாதிப் பேருக்குக் குவளைகளைக் கொடுத்து, மீதிப் பேரிடம் விற்கச் சொன்னார்கள். குவளை கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தர நினைத்த விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடக் குவளைக்கே அப்படி என்றால், அம்மா முப்பது வருடம் மிதித்த இயந்திரத்துக்கு நான் என்ன விலை நினைத்திருப்பேன்? முதலில் நினைத்த விலையைச் சொல்லவே கூச்சமாக இருந்ததால்தான் "பேசிக்கொள்ளலாம்" என்று எழுதினேன். அது தவறு. விலை இல்லாத விளம்பரத்தை வாங்குபவர் தாண்டிப் போய்விடுகிறார். அதே மாதிரிப் பொருள்கள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியிருக்கின்றன என்று பாருங்கள். பலர் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிறகு ஓர் எண்ணைப் போடுங்கள். பேரத்துக்குக் கொஞ்சம் இடம் வைப்பதில் தவறில்லை.

இத்தனையும் யோசித்த பிறகு மூன்றாம் முறையாக எழுதியதை வாசிக்கிறேன்.

"கால்மிதி தையல் இயந்திரம், மர மேசையோடு. ஒரே வீட்டில் முப்பது ஆண்டு ஓடியது. மேசை 90 சென்டிமீட்டர் நீளம், 43 அகலம், 77 உயரம். தூக்க இரண்டு பேர் வேண்டும். நேர்த் தையல் ஒழுங்காக விழுகிறது, இரண்டாவது படத்தில் பாருங்கள். தடித்த துணியை மடித்துத் தைத்தால் நூல் அறுகிறது. தோல் பெல்ட் தேய்ந்துவிட்டது, புதிது போட வேண்டும். இடப்பக்க இழுப்பறை முழுதாக மூடாது. பாபின் ஆறு, எண்ணெய்க் குப்பி ஒன்று சேர்த்துத் தருகிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து ஓட்டிப் பார்க்கலாம்." அதன் கீழே விலையைப் போட்டேன்.

மறுநாள் ஒரு அம்மா பேசினார். "இருக்கிறதா" என்று கேட்கவில்லை, "இன்றைக்கு ஐந்தரைக்கு வரலாமா" என்று கேட்டார். தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இழுப்பறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழே குனிந்து தேய்ந்த பெல்ட்டைக் கழற்றினார். தன் பைக்குள்ளிருந்து புது பெல்ட் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, உட்கார்ந்து மிதித்தார். நான் நூல் கோத்துக் கொடுத்தேன். அவர்கள் வண்டியில் ஏற்றிக் கிளம்பியதும் விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

நன்றி, வணக்கம்.